காயிலைத் தாண்டிய முதல் மூன்றடி

சென்னையில் ஒரு கட்டடத்துக்கு ஏ.சி. டிசைன் செய்ய உட்கார்ந்தால், உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டன் வரும்?" அடுத்தது, "கரண்ட் பில் எவ்வளவு ஆகும்?" கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "சத்தம் கேட்குமா சார்?" என்பார். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் 20 டன் ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்து டக்ட் வழியே அனுப்பும் யூனிட்) ஒன்று, அதன் வேலையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் எடுப்பதற்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறக்கும். அதாவது இரண்டு குடம். பத்து மணி நேரம் ஓடும் அலுவலகத்தில் இருபது குடம். இவ்வளவு தண்ணீரும் ஒரு தகரப் பெட்டிக்குள், மின்விசிறிக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் வடிந்து போயாக வேண்டும்.

உண்மையில் இந்தத் தொழில் தொடங்கியதே ஈரத்தைச் சமாளிக்கத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊதி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏ.சி.யின் முன்னோடி. மனிதர்களுக்குக் குளிர் கொடுப்பது பிறகு வந்தது. நாம் குளிரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

அறைக்குள் 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், அந்தக் காற்றின் டியூ பாயின்ட், அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 13 டிகிரிக்குச் சற்றுக் கீழே. வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் இருக்கும் ஒரு மாலையில் அது 26 டிகிரி. யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலுக்குள் ஓடும் தண்ணீரோ 7 டிகிரி. ஆகவே காயிலைத் தாண்டும் காற்று 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது அதன் ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொட்டிருக்கும். குளிர்ந்துவிட்டதால் அது காய்ந்த காற்று என்று பலர் நினைக்கிறார்கள். அறைக்குள் போய்ச் சூடேறிய பிறகுதான் அது காய்ந்த காற்று. டக்ட்டின் முதல் சில அடிகளில் அது ஈரக்காற்று. அதோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துளிகளும் பறக்கும்.

அந்தச் சில அடிகளில்தான் நாம் பஞ்சைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம்.

காரணம் சத்தம். விசிறிச் சத்தம் டக்ட் வழியாக அறைக்கு வராமல் இருக்க, டக்ட்டின் உள்பக்கம் ஒலியுறிஞ்சும் பொருளை ஒட்ட வேண்டும். சத்தம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதைப் பிடிப்பது நல்லது என்பது நியாயமான யோசனைதான். அதனால் டெண்டரில் ஒரு வரி பல காலமாக நகல் எடுக்கப்பட்டு வருகிறது: யூனிட்டிலிருந்து முதல் 3 மீட்டர் அல்லது 5 மீட்டர் உள்பக்க அக்கூஸ்டிக் லைனிங். 25 மில்லிமீட்டர் கிளாஸ் வூல், மேலே ஆர்பி டிஷ்யூ, அதற்கு மேல் துளையிட்ட அலுமினியத் தகடு. இப்போது கிளாஸ் வூலுக்குப் பதில் ஓப்பன் செல் நைட்ரைல். அந்த வரியை எழுதியவருக்குச் சத்தம் தெரியும். அந்த 5 மீட்டரின் தொடக்கத்தில் காயில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பெரிய ஏஹெச்யூக்களில் பெரும்பாலும் காயில் முன்னால், விசிறி பின்னால். காற்றை உறிஞ்சும் அமைப்பு. காயிலிலிருந்து பறக்கும் துளியில் ஒரு பகுதி விசிறி அறையிலேயே விழுந்துவிடும், விசிறியின் சூட்டில் காற்றும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறி ஈரப்பதம் கொஞ்சம் தணியும். ஹோட்டல் அறைகளில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தொங்கும் சின்ன யூனிட்டான எஃப்சியூ அப்படி இல்லை. அதில் விசிறி காற்றைக் காயிலின் மேல் ஊதுகிறது. காயிலைத் தாண்டியதும் அடுத்த அங்குலத்திலேயே சப்ளை ப்ளீனம் என்னும் காற்றுப் பெட்டி. நடுவில் வேறெதுவும் கிடையாது. அந்த ப்ளீனத்துக்குள்தான் லைனிங்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்கு, வேறொருவர் டிசைன் செய்து முடித்திருந்த கட்டடத்துக்கு, என்னைக் கூப்பிட்டார்கள். கடலைப் பார்த்த அறைகளில் நனைந்த சாக்கு வாடை. விருந்தினர்கள் புகார் செய்யச் செய்ய, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வாசனைத் திரவம் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மல்லிகை வாசனையும் சாக்கு வாடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த அறைக்குள் நுழைந்தவர்களுக்குத்தான் தெரியும். கார்ப்பெட்டை மாற்றியாயிற்று, திரைச்சீலையைச் சலவைக்குப் போட்டாயிற்று. அறைக்குப் போய் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் காத்திருந்தேன். காயிலுக்குத் தண்ணீர் விடும் வால்வு மூடி, விசிறி மட்டும் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் வாடை அறைக்குள் இறங்கியது. வால்வு திறந்து காயில் மறுபடி குளிர்ந்ததும் அடங்கியது. அப்போதே விஷயம் மேலே ப்ளீனத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ப்ளீனத்தைத் திறக்கக் கதவு இல்லை. மேஸ்திரி அடியில் தகட்டை வெட்டி இறக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தால், துளையிட்ட தகட்டின் துளைகளில் பாதி அடைபட்டிருந்தது. காயில் பக்கத்துத் திருகுகளின் தலைகள் துருவேறிச் சிவந்திருந்தன. ஒரு தகட்டைக் கழற்றியதும் டிஷ்யூ பஞ்சோடு சேர்ந்து சளசளவென்று கையோடு வந்தது. விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வெளியே வந்தது. அடிப்பக்க லைனிங் முழுக்க நனைந்திருந்தது, பக்கவாட்டில் ஒரு சாண் உயரம் வரை ஈரம் ஏறி, அதன் மேல் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சாம்பலும் கருப்புமாகப் பூஞ்சை. காயிலிலிருந்து இரண்டடி தள்ளிப் போனால், அதே டிஷ்யூ வெறும் தூசியோடு உலர்ந்து கிடந்தது. ஒரே நாளில், ஒரே கையால் ஒட்டப்பட்ட ஒரே பொருள். இரண்டடியில் இவ்வளவு வித்தியாசம்.

பூஞ்சையை வைத்துக் கிளாஸ் வூலைக் குறை சொல்வது தவறு. அது கண்ணாடி, பூஞ்சைக்குத் தீனி ஆகாது. தீனி அதன்மேல் படியும் தூசி: துணி இழை, தோல் செதில், மகரந்தம். எஃப்சியூவில் இருக்கும் வலை ஃபில்டர் கரப்பான்பூச்சியைத் தடுக்கும், இவற்றைத் தடுக்காது. தூசியோடு ஈரமும் சேர்ந்து ஒன்றிரண்டு நாள் காயாமல் இருந்தால் பூஞ்சைக்கு அது போதும். 'ஆன்டி மைக்ரோபியல்' பூச்சு பூசிய லைனிங் என்று விற்கிறார்கள். பூச்சு அடியில் இருக்கிறது, தூசி மேலே விழுகிறது. ஆறு மாதத் தூசிக்கு மேல் வளரும் பூஞ்சைக்கு அடியில் என்ன பூசியிருக்கிறது என்று தெரியப்போவதில்லை. அதற்கென்று கூடுதல் காசு கொடுக்க நான் சொல்வதில்லை. நனைந்து பூஞ்சை பிடித்த இழை லைனிங்கைச் சுத்தம் செய்ய முடியாது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள் என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரையும்.

அந்த வாடை ஏன் வால்வு மூடியபோது வந்தது? வால்வு மூடிய பிறகும் காயிலின் ஃபின்களில் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறி ஓடிக்கொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் மறுபடி ஆவியாகிக் காற்றோடு போகும். ப்ளீனத்துக்குள் ஈரப்பதம் ஏறும், லைனிங்கில் ஊறிக்கிடந்த வாடையும் கிளம்பும். இப்படி எடுத்த ஈரத்தை மறுபடி அறைக்கே திருப்பிக் கொடுக்கும் கூத்தை ஃப்ளோரிடா சோலார் எனர்ஜி சென்டரில் ஷிரேயும் ஹென்டர்சனும் ஆய்வகத்திலும் வீடுகளிலும் அளந்து, 2006-இல் விரிவான அறிக்கையாகவே கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவும் நம் கடற்கரை மாதிரியே புழுங்கும் ஊர். தேவைக்கு மேல் பெரிய யூனிட் போட்டால் இது இன்னும் மோசமாகும். யூனிட் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு அடிக்கடி நிற்கும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு டன் கூட்டிப் போடும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. அதன் விலை இந்த ப்ளீனத்தில் தெரியும்.

நனைந்த லைனிங் வாடையோடு நின்றுவிடுவதில்லை. காய்ந்த கிளாஸ் வூலின் வெப்பக்கடத்தல் சுமார் 0.035, தண்ணீருடையது 0.6. அதாவது பதினேழு மடங்கு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் 28 டிகிரி, 70 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே டியூ பாயின்ட் 22. உள்ளே 13 டிகிரிக் காற்று ஓடினாலும், லைனிங் காய்ந்திருக்கும்வரை டக்ட்டின் வெளித்தகடு 26 டிகிரியை ஒட்டி இருக்கும், வியர்க்காது. லைனிங் ஊறிவிட்டால் அதே தகடு 22-க்குக் கீழே இறங்கிவிடும். பிறகு டக்ட் வெளியிலும் வியர்க்கும், சீலிங்கில் மஞ்சள் கறை விழும். பராமரிப்பு ஆட்கள் கறையைப் பார்த்ததும் வெளிப்பக்கம் இன்னொரு சுற்று இன்சுலேஷன் சுற்றச் சொல்வார்கள். உள்ளே ஊறியது உள்ளேயே கிடக்கும்.

லைனிங்கைக் கழற்றி வெறும் தகடாக விடலாம் என்று விடுதிக்காரருக்கு நான் கொடுத்த தீர்வை மேஸ்திரி ஏற்றுக்கொள்ளவில்லை. "சார், கிளாஸ் வூலை எடுத்துட்டு நைட்ரைல் ஒட்டிடலாம் சார். ரப்பர் சார் அது, தண்ணி என்ன பண்ணும்?" என்றார். நல்ல வேலைக்காரர், வயதிலும் என்னைவிட மூத்தவர். "அண்ணே, எந்த நைட்ரைலு?" என்றேன். கடையில் இரண்டும் கருப்பு, இரண்டும் ரப்பர் வாடை, இரண்டும் ஷீட். குளோஸ்டு செல் என்பதில் ஒவ்வொரு கண்ணறையும் தனித்தனியாக மூடியிருக்கும், நீராவியே எளிதில் ஊடுருவாது. குளிர்நீர்க் குழாய்மேல் சுற்றுவது அது. ஓப்பன் செல் என்பதில் கண்ணறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும். அப்படித் திறந்திருப்பதால்தான் அது சத்தத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் தண்ணீரையும் உறிஞ்சுகிறது. இட்லித் துணியைக் கொண்டு குடை செய்கிற கதைதான். இரண்டிலும் ஒரே அளவில் ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீரில் செங்கல்லை மேலே வைத்து ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தோம். காலையில் துடைத்து, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். குளோஸ்டு செல் துண்டின் எடை கூடியதே தெரியவில்லை. ஓப்பன் செல் துண்டு பல மடங்கு கனத்திருந்தது. மேஸ்திரி அதைப் பிழிந்து பார்த்துவிட்டு, "இத்தனை சைட்ல இதைத்தான் சார் ஒட்டியிருக்கேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை, டெண்டரில் எழுதியதைத்தான் ஒட்டினார்.

அப்படியென்றால் குளோஸ்டு செல்லை ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். மேற்பரப்பு தண்ணீர் குடிக்காது, துடைத்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் இணைப்புகள் இருக்கின்றனவே. பசை சரியாகப் பிடிக்காத ஓர் ஓரம், சீல் செய்யாத ஒரு வெட்டுமுனை போதும். தண்ணீர் ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே காற்றும் படாது, கண்ணிலும் படாது. கிளாஸ் வூல் ஊறினால் வாடை காட்டிக் கொடுக்கும், இது தகடு துருப்பிடித்து ஓட்டை விழும்வரை சொல்லாது. அதனால் குளோஸ்டு செல் ஒட்டுகிற இடத்திலும் அடிப்பக்கத்தை வெறும் தகடாக விடச் சொல்கிறேன். காற்றை எதிர்கொள்ளும் முனைக்குத் தகட்டு மடிப்பு, ஒவ்வொரு இணைப்புக்கும் சீலன்ட், பசையோடு பின்னும் அடித்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு: குளோஸ்டு செல் சத்தத்தை அவ்வளவாக உறிஞ்சாது. தண்ணீருக்கு ஏற்றது சத்தத்துக்கு ஆகாது, சத்தத்துக்கு ஏற்றது தண்ணீருக்கு ஆகாது. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே பொருளைத் தேடி கேட்டலாக் புரட்டுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இடத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி.

என் வரைபடங்களில் இப்போது காயில் முகத்திலிருந்து மூன்றடிக்கு உள்ளே எதுவும் கிடையாது. வெறும் ஜிஐ தகடு, கீழ்ப்பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இன்சுலேஷன் முழுவதும் வெளிப்பக்கம்: குளோஸ்டு செல் நைட்ரைல், மேலே அலுமினியம் ஃபாயில், ஹேங்கர் தாங்கும் இடத்திலும் அறுபடாமல். மூன்றடி என்பது என் கைக்கணக்கு, எந்தத் தரநிலையிலும் இல்லை. ஆஷ்ரே 62.1 என்னும் காற்றோட்டத் தரநிலை சொல்வது, காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் டிரெயின் பேனைப் பற்றி: அது காயிலின் பின்முகத்தைத் தாண்டி, காயில் உயரத்தில் பாதியாவது நீள வேண்டும், அல்லது அதைத் தாண்டித் துளி பறக்காது என்று காட்ட வேண்டும். சரிவு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர். நான் லைனிங்கை அந்தப் பேன் முடிகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் காயில் புதிதாக இருக்கும்போது பறக்காத துளி, பழசான பிறகு பறக்கும். கணக்குப்படி காற்று காயிலைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 500 அடிக்குள் இருக்கும். நான் 450-க்கு மேல் விடுவதில்லை. ஆனால் அது சராசரி. ஃபின் பாதி அழுக்கேறினால், மீதிப் பாதி வழியாகக் காற்று முண்டியடித்துப் போகும். தண்ணீர் பீச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று ஃபின்னை மடக்கிவிட்டாலும் அதேதான். துளிகள் அங்கிருந்துதான் தெறிக்கும்.

டிரெயின் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவான ட்ராப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றை உறிஞ்சும் ஏஹெச்யூவில் பேன் இருக்கும் அறை எதிர்மறை அழுத்தத்தில் இருக்கிறது. டிரெயின் குழாயில் ட்ராப் இல்லை என்றாலோ, ஆழம் போதவில்லை என்றாலோ, வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே பாய்ந்து தண்ணீரை வடியவிடாமல் பிடித்து நிறுத்தும். பேன் நிரம்பித் தண்ணீர் கொப்பளித்துச் சிதறும். எதிர்மறை அழுத்தம் 50 மில்லிமீட்டர் என்றால், பேனின் வாயிலிருந்து ட்ராப்பின் வெளிவாய்க்கு 75 மில்லிமீட்டராவது இறக்கம் வேண்டும், அதில் பாதி அளவுக்குத் தண்ணீர் அடைப்பு நிற்க வேண்டும். சைட்டில் நான் பார்க்கும் ட்ராப்புகள் பெரும்பாலும் பிளம்பரின் கையில் அன்றைக்கு இருந்த எல்போவின் அளவில்தான் இருக்கின்றன. யூனிட்டை நிறுவும்போது தரைக்கும் பேனுக்கும் நடுவில் இடமே விடாமல் வைத்துவிட்டு, பிறகு ட்ராப் போடச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? ஏஹெச்யூவுக்கு அடியில் கான்கிரீட் மேடை எவ்வளவு உயரம் என்பதை முதல் நாள் சிவில் வரைபடத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சத்தத்துக்கு என்ன வழி? முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 25 மில்லிமீட்டர் லைனிங் விசிறியின் சீறலைக் குறைக்கும். 125 ஹெர்ட்ஸில் வரும் உறுமலை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மக்கள் புகார் சொல்வதோ பெரும்பாலும் உறுமலைப் பற்றித்தான். அதைக் குறைக்க ஒரு சைஸ் பெரிய விசிறியை மெதுவாக ஓட்டலாம், விசிறி வாயில் உடனே வளைவு வைக்காமல் நேராக ஓடவிடலாம், கேன்வாஸ் இணைப்பை இழுத்துக் கட்டாமல் விடலாம். இவற்றுக்குப் பிறகும் லைனிங் தேவைப்பட்டால், மூன்றடி தாண்டி, முடிந்தால் முதல் வளைவுக்கு அப்பால் ஒட்டலாம். உள்ளே திணித்த பஞ்சுக்கு மெல்லிய பாலிமர் உறை போட்ட சைலன்சரும் அங்கே வரலாம். ஒலி டிசைனர் ஒருவர் என்னோடு இதற்காக நன்றாகச் சண்டை போட்டார். யூனிட் வாயிலேயே லைனிங் இல்லையென்றால் சத்தம் டக்ட் தகட்டைத் துளைத்துச் சீலிங்குக்குள் இறங்கும் என்றார். அது உண்மைதான். அந்த மூன்றடிக்கு வெளியே கனமான பாரியர் ஷீட் சுற்றி முடித்தோம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, எனக்கும் செலவு கூடியது. ஆனாலும் தண்ணீர் இருக்கும் இடத்தில் பஞ்சு வரவில்லை.

மருத்துவமனை வேலைகளில் இந்தச் சண்டையே இல்லை. ஆபரேஷன் தியேட்டர் டக்ட்டுக்குள் லைனிங் வைக்க நான் சம்மதிப்பதில்லை, யாரும் வற்புறுத்துவதும் இல்லை.

அந்த விடுதியில் எல்லா ப்ளீனத்தையும் ஒரேயடியாக மாற்ற முடியவில்லை. கடல் பக்கத்து அறைகளில் தொடங்கி, மாடி மாடியாகச் செய்தார்கள். லைனிங்கைக் கழற்றி, வெறும் தகடு ப்ளீனம், வெளியே இன்சுலேஷன், வால்வு மூடினால் விசிறியும் தாழ்ந்த வேகத்துக்கு இறங்கும்படி கன்ட்ரோல், பால்கனிக் கதவு திறந்திருந்தால் வால்வு மூடும்படி ஒரு ஸ்விட்ச். வாடை போய்விட்டது. சத்தம் கொஞ்சம் கூடியது, விசிறியின் உச்ச வேகத்தை ஒரு படி குறைத்ததும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ப்ளீனத்தின் அடியில் வைத்த கீல் போட்ட சின்னக் கதவுதான். முந்தைய டிசைனில் அது இருந்திருந்தால் கார்ப்பெட்டை மாற்றியிருக்க மாட்டார்கள்.

உங்கள் அலுவலகத்திலோ விடுதியிலோ திங்கட்கிழமை காலையில் ஏ.சி. போட்டதும் சாக்கு வாடை அடித்தால், வாசனைத் திரவம் தெளிக்கச் சொல்லாதீர்கள். காயிலுக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதவே இல்லை என்று பதில் வந்தால், முதலில் ஒரு கதவு வெட்டச் சொல்லுங்கள்.